காலர் திருப்பும் மாஸ்டர்

பழங்கதை எதையும் நிம்மதியாக முடியவிடாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கலாம். எங்களுக்கு அவர் காலர் மாஸ்டர். தேய்ந்த சட்டைக் காலரைப் பிரித்து, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துவிட்டால் சட்டைக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயுள் கூடும். தேயிலைத் தோட்டப் பாடசாலை வாத்தியாரான எனக்கு அந்தச் சேவை அடிக்கடி தேவைப்பட்டது.

காலர் பிரிக்கும் நேரத்தில் அவர் நாவல் பேசுவார். எல்லா நாவலும் அல்ல. பழைய காவியத்தை எடுத்துக்கொண்டு, அதில் வாயே திறக்காத ஆளை இந்தக் காலத்து எழுத்தாளர் பேசவைத்த நாவல்கள் மட்டும். தோற்றுப்போன ராசா, ராணிக்கு விசிறி வீசிய தோழி, தேர்க் குதிரையைக் கழுவியவன், இவர்கள்தான் அவருக்கு வேண்டியவர்கள். கொழும்பு பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்துப் புத்தகங்களை வரவழைப்பார்.

"புதுசா எழுதுறவங்க பழசக் கிழிச்சு வீசலங்க சேர். இந்தக் காலர் மாதிரித்தான். அதே துணி. இத்தன வருசமா கழுத்துப் பக்கம் மறைஞ்சு கெடந்தது இப்ப வெளிய வருது."

"அப்ப பழசப் படிக்கத் தேவையில்லையா மாஸ்டர்?"

"எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாக்காம எப்பிடிங்க திருப்புறது?"

இதோடு நின்றிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். ஒரு கோயில் திருவிழாவில் சொற்பொழிவு. பேச்சாளர் ராசாவைப் போரில் வெற்றிபெற வைத்துவிட்டு, கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து மாஸ்டர் எழுந்தார்.

"ஐயா, செத்துப்போன குதிரைங்கள யாருங்க பொதைச்சது?"

பேச்சாளர் கண்ணைத் திறந்தார். அதன் பிறகு அவரால் மூடவே முடியவில்லை. அடுத்த வருஷம் சொற்பொழிவு முடியும்வரை மாஸ்டரை மடப்பள்ளியில் பொங்கல் கிண்ட விடுவது என்று கோயில் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்த ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் பாடசாலை நாடகத்துக்கு உடை தைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது நான். எதிரி ராசாவே தன் கதையைச் சொல்லும் நாவல் ஒன்றை அப்போதுதான் அவர் முடித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மேடையில் எதிரி ராசா வெல்வெட் அங்கியும் ஜரிகைக் கரையுமாக ஜொலித்தான். நாயகனுக்குக் கிடைத்தது ஒரு பெட்ஷீட். எதிரி வெட்டுப்பட்டு விழுந்ததும் தாய்மார் விம்மினார்கள். ஒரு அம்மா மேடைக்கே வந்துவிட்டார்.

"அந்தப் புள்ளைய எழுப்பிவிடுங்க சேர். பாக்க முடியல."

பாடசாலை அதிபர் என்னோடு பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் மறுபக்கம் தேடிய மனிதர், சொந்தக் கதைக்கு மட்டும் ஒரே பக்கம் வைத்திருந்தார். அவர் மனைவி கோபித்துக்கொண்டு பெல்மதுளையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். காரணம் கேட்டால் மாஸ்டர் சொல்வது வரி மாறாது: "நான் புஸ்தகம் படிக்கிறது அவளுக்குப் பொறுக்கல. அதான் போயிட்டா." வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். அக்கா போன பிறகு அவர் ஆம்பளைச் சட்டைகளுக்குப் பொம்பளைச் சட்டைக்கு வைக்கிற பக்கத்தில் பட்டன் வைக்கத் தொடங்கினார். பார்சல் சோற்றைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தார். அவள் வரமாட்டாளா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் பெல்மதுளைப் பக்கத்துச் சேதி எது வந்தாலும் மிஷின் மெதுவாகும்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முதலாளி சிங்களவர். மாஸ்டரின் நாவல்கள் அத்தனையையும் காதால் படித்தவர். ஒருநாள் நான் காலர் திருப்பக் காத்திருந்தபோது, மாஸ்டர் யாரோ ஒரு புது ஆளிடம் தன் வழக்கமான வரியைச் சொன்னார். முதலாளி பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏத் மாஸ்டர், நோனா மொகத கிவ்வே?"

"ஆனா மாஸ்டர், வீட்டம்மா என்ன சொன்னாங்க?" என்றுதான் முதலாளி சிங்களத்தில் கேட்டார். மிஷின் நின்றது. மாஸ்டர் பாதி பிரித்த என் காலரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அத நான் கேக்கவே இல்லியே சேர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி பெல்மதுளை போனோம். தனியாகப் போக அவருக்குப் பயம், அதனால் நான். அக்கா எங்களை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"புஸ்தகத்து மேல எனக்கென்னா கோவம் சேர்? நான் வாயத் தொறந்தா இவரு மிஷின மிதிப்பாரு. என்னைக்கோ செத்த ராசா வீட்டு வேலைக்காரி ஒரு வார்த்த பேசலியேன்னு சோறு திங்காம கெடப்பாரு. அந்தச் சோத்த ஆக்குனவ எதிர்லயே நின்னு பேசிக்கிட்டு இருப்பேன்."

"இல்ல, அது வந்து..." என்றார் மாஸ்டர்.

"பாத்தீங்களா? ஆரம்பிச்சிட்டாரு!"

மாஸ்டர் கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார். அக்கா பேசினார். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கடைசியில், "இன்னும் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாங்க" என்றார்.

மாஸ்டர் போனார். ஒவ்வொரு ஞாயிறும் போனார். திங்கட்கிழமை காலையில் முதலாளி பிளேன்டீயோடு வந்து, "ஈட்ட பஸ்ஸே?" என்பார்; தொடர்கதைக்குக் காத்திருப்பவர் போல, அப்புறம் என்ன என்று சிங்களத்தில் கேட்பார். ஒரு ஞாயிறு மாலை, மாஸ்டருக்குப் பின்னால் அக்காவும் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். முதலாளி அன்றைக்கு யாரிடமும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

பிறகு எனக்கு ருவான்வெல்லைக்கு மாற்றம் வந்தது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அக்கா ஏன் அப்போது போனார் என்று எவரோ மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நாடாவைப் பல்லில் கடித்தபடி, பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்காவை மோவாயால் காட்டினார். அக்கா முதலிலிருந்து தொடங்கினார். நான் கேட்டதைவிடக் கதை நீண்டிருந்தது. மாஸ்டர் மிஷினை மிதிக்கவில்லை.

நான் கொண்டுபோன சட்டையை நீட்டினேன். மாஸ்டர் காலரைத் தடவிப் பார்த்தார்.

"சேர், இது தேயவே இல்லியே."

"பரவாயில்ல மாஸ்டர், திருப்புங்க" என்றேன். அக்கா எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.