ஊரை விட்டே நகராதவன் பாலைவனத்தில் இருவரைக் காப்பாற்றிய விவரம்

விஸ்கான்சின்,
ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய பர்டெட் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஆர்டன் வோல்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மேவிஸும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே அரிசோனா வெயிலில் தாங்களும் ஐலீன் அக்காவும் முழங்கால் உட்பட நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். குளிருக்குத் தப்பித் தாங்கள் இங்கே பூட்டிவிட்டுப் போன வீட்டில் தண்ணீர்க் குழாய் இந்தக் குளிர்காலத்தில் உறையவில்லை. வாசல் பனியை நானே வாரினேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் பாதியிலேயே "சரி விடுங்க மாப்ளே, அடக்கம் உங்க ரத்தத்துலயே இருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. ஆகவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: முன்னாள் படைவீரர் மன்றத்துச் சுவரில் தாங்கள் மாட்டிய என் படத்தைத் தயவுசெய்து இறக்கச் சொல்லுங்கள். மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாளில் நான் பள்ளிக்கூடத்து மேடையில் பேசுவதாகத் தாங்கள் கொடுத்த வாக்கையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். போன வருஷம் வயிற்றுவலி என்று படுத்துத் தப்பித்தேன். இந்த வருஷமும் அதே வயிறு கைகொடுக்குமா என்பது சந்தேகம்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று தங்களுக்கு நினைவிருக்கும். மேவிஸ் எங்கள் இருவருக்கும் கல்லறைக் கல் விசாரித்துக்கொண்டிருந்தாள். படைவீரனுக்கு அரசாங்கக் கல் உண்டு, எந்தப் போரில் இருந்தான் என்பதையும் அதில் வெட்டுவார்கள் என்று சொன்னது தாங்கள்தான். என் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், சேமப்படையில் இருபத்திரண்டு வருஷம், மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு, கோடையில் இரண்டு வாரம், சமையல் பிரிவு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. தொண்ணூற்றொன்றில் ஐந்து மாதம் வளைகுடாப் போரில் சமைத்தது மட்டும் இல்லை. அந்த ஐந்து மாதமும் நான் விஸ்கான்சினை விட்டு நகரவில்லை என்று இருந்தது. "ஒரே ஒரு படிவம் மாப்ளே, கறுப்பு மையில நிரப்பி அனுப்புங்க, ஆறு மாசத்துல கல்லுல ஏறிடும்" என்றீர்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கல்லே இல்லாமல் புதையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. வளைகுடாப் போருக்காகச் சட்டையில் குத்தும் துணிப்பட்டையாக இருக்கும் என்று திறந்தால் உள்ளே எட்டு முனையோடு கனமாக ஒரு பதக்கம். கூடவே ஒரு சான்று. 1991 பிப்ரவரி 19ஆம் தேதி அதிகாலை, பாலைவன முகாம் ஒன்றில், எரிந்துகொண்டிருந்த எண்ணெய் லாரிக்குள் சார்ஜெண்ட் ஆர்டன் வோல்ட் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் இரண்டு முறை புகுந்து இரண்டு வீரர்களை வெளியே இழுத்தார், இரு கைகளிலும் கடும் தீக்காயம் அடைந்தார் என்று எழுதியிருந்தது. அதே உறையில் திருத்தப்பட்ட என் பதிவேடும் இருந்தது. பதக்கம் ஏறியிருந்தது. போர் ஏறவில்லை. அதாவது அத்தான், நான் விஸ்கான்சினை விட்டு நகராமலேயே அரேபியாவில் தீக்குள் புகுந்திருக்கிறேன்.

மேவிஸ் சான்றை இரண்டு தரம் படித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "தீக்குள்ள ரெண்டு தரம் போனீங்களா? போன நன்றி நாள் விருந்துக்குச் சமைக்கையில அடுப்புல துணி பத்திக்கிச்சே, அப்ப முதல்ல வெளிய ஓடினது யாரு?"

"நாயைக் காப்பாத்தப் போனேன்."

"நாய் வெளியதான் படுத்திருந்துச்சு."

பதிவேட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிஷம் சங்கீதம் கேட்டபின் திருமதி க்ரூம்ஸ் என்ற அம்மாள் வந்தார். மிகவும் தன்மையான மனுஷி, அவரைக் குறை சொல்லமாட்டேன். "இது நான் இல்லைங்க. வேற யாரோ" என்றேன்.

"உங்க சேவை எண் இதுதானே சார்?"

"எண் என்னோடதுதான். ஆள் நான் இல்ல."

"பெயர் தப்பா வரலாம் சார். எண் தப்பா வராது. எண்ணைப் போட்டா பெயரைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கும்."

"சரி, பதக்கத்தைத் திருப்பி அனுப்பிடறேன். எந்தப் படிவம்?"

மறுமுனையில் ஏடுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நான் இங்க இருபத்தாறு வருஷமா இருக்கேன் சார். பதக்கம் வேணும்னு கேக்கறவங்களைத்தான் பாத்திருக்கேன். வேணாம்கிறதுக்குப் படிவமே கிடையாது. வேணும்கிற படிவத்துலயே வேணாம்னு எழுதுங்க. நீங்க அதைச் செய்யலைன்னு கண்ணால பாத்த ரெண்டு பேரோட வாக்குமூலமும் வையுங்க."

செய்ததைப் பார்த்தவன் கிடைப்பான். செய்யாததைப் பார்த்தவனுக்கு எங்கே போவது? இருந்தாலும் தேடினேன். என்னோடு ஒரே கூடாரத்தில் சமைத்த எல்ராய் இப்போது மில்வாக்கியில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நோட்டரி முன்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான்: மேற்படி தேதியில் மேற்படி நேரத்தில் ஆர்டன் வோல்ட் என் பக்கத்தில் நின்று முன்னூறு பேருக்கு முட்டை கிளறிக்கொண்டிருந்தார், ஒரு மைல் தள்ளிப் புகை எழுந்தபோது "யாரோ ரொட்டியைக் கருக்கிட்டான்" என்று சொன்னதைத் தவிர அவர் வேறெந்த வீரச் செயலிலும் ஈடுபடவில்லை. எங்கள் பண்டக சாலைக்காரரும் அதையே எழுதினார். இதற்கு மேல் ஒரு மனுஷன் தன் கோழைத்தனத்துக்கு என்ன ஆதாரம் தர முடியும்?

இந்த இடைவெளியில்தான் அத்தான், தாங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மேசைமேல் பெட்டியைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்குமுன் கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே படம் சுவரில் ஏறியது. நான் சொல்லச் சொல்ல "உண்மையான வீரன் இப்படித்தான் மறுப்பான்" என்றீர்கள். அன்று முதல் மன்றத்தின் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டில் எனக்கு ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் பரிமாறுகிற பெண் கண்கலங்கினாள். என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்த ஒரு கிழவர், "தழும்பே தெரியல, நல்ல டாக்டர் போல" என்றார். சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் சிரிப்பு வரவில்லை. வெந்த கைகள் யாருடையவையோ, அவன் எங்கோ இருக்கிறான். அவன் மீனை நான் தின்றுகொண்டிருந்தேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வாக்குமூலங்களுக்கு நன்றி, அவற்றின்படி நான் வளைகுடாவில் இருந்தது ஐயமற நிரூபணமாகிறதாம், போர்ச் சேவை சேர்க்கப்பட்டதாம். மேலும், சம்பவம் நடந்த இடத்துக்கு ஒரு மைலுக்குள் நான் இருந்ததையும் அதே சாட்சிகள் உறுதிப்படுத்துவதால், பதக்கம் முன்னிலும் வலுவாக உறுதிசெய்யப்படுகிறதாம்.

"இன்னொரு தரம் எழுதினா உங்களை ஜெனரல் ஆக்கிடுவாங்க. பேசாம இருங்க" என்றாள் மேவிஸ். பிறகு சான்றை மறுபடி எடுத்து அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். "இந்த லாரிப் படை அயோவாவுல ஒரு சின்ன ஊருதுன்னு போட்டிருக்கே. அலுவலகத்தை விடுங்க. அந்த ஊர்க்காரங்களைக் கேளுங்க."

அந்த ஊர்ப் படைவீரர் மன்றத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அங்கே மது ஊற்றிக் கொடுப்பவர். தீக்குள் போனவர் யாராவது உண்டா என்று கேட்டதும், "ஓ, டெல்பர்ட் ரூஸ்க்கா?" என்றார். குரல் சட்டென்று தணிந்தது. "அவரு இங்க வர்றதில்லைங்க. இருபது வருஷமாச்சு. பதக்கம் வருது வருதுன்னு சொல்லிட்டிருந்தாரு. மூணு தரம் எழுதிப் போட்டாரு. மூணு தரமும் உன் பதிவுல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. ஒரு நாள் இங்க ஒருத்தன், கையை வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டு வந்து கதை விடுறியான்னு கேட்டுட்டான். டெல்பர்ட் கிளாஸை வெச்சுட்டுப் போனவருதான்."

நானும் மேவிஸும் பெட்டியை எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். டெல்பர்ட் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். உயரமான மனிதர். கைகளின் தோல் மெழுகுபோல் மின்னியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. அந்தக் கையாலேயே ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மேசைமேல் வைத்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் திருகாணியைக் கழற்றி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். "உங்ககிட்ட காகிதம் இருக்கு. எங்கிட்ட கை இருக்கு. எனக்கு இது போதும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு துண்டு மீன் கூடப் போடறாங்க" என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. "தொண்டையில இறங்க மாட்டேங்குது."

அவர் அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன மீனு?"

"காட் மீன்."

"இங்க கெளுத்தி போடுவாங்க. நல்லாயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் இயந்திரத்துக்குள் குனிந்துகொண்டார். அதற்குள் அவர் மனைவி லவான் உள்ளிருந்து வந்து பெட்டியைத் திறந்துவிட்டார். சான்றை வாய்விட்டுப் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அந்த இடத்தில் கணவர் பெயரைப் போட்டுக் கடைசிவரை படித்தார். படித்து முடித்தபோது டெல்பர்ட் கையில் திருகி இருந்தது, ஆனால் எதையும் திருகவில்லை.

"டெல், ஹோமருக்கு நானே போன் போடப் போறேன். நீ தடுத்தா பாரு" என்றார் லவான். ஹோமர் ட்வீட் என்பவர் லாரியிலிருந்து இழுக்கப்பட்ட இருவரில் ஒருவர். இன்னொருவர் சில வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஹோமர் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறாராம். டெல்பர்ட் அந்த மனிதரிடம் சாட்சி கேட்டதே இல்லை. உயிரைக் காப்பாற்றியதற்கு ரசீது கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

அன்று சாயங்காலம் அவர்கள் சமையலறை மேசையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். லவான் சோளமும் பன்றி வறுவலும் போட்டார். டெல்பர்டின் சேவை எண்ணையும் என் எண்ணையும் மேவிஸ் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். அத்தான், அவருக்குக் கடைசி இலக்கம் மூன்று, எனக்கு எட்டு. மற்ற எட்டு இலக்கமும் ஒன்றே. பாலைவனத்தில் எவனோ ஒரு குமாஸ்தா மூன்றின் வாயை மூடிவிட்டான். அதற்கு டெல்பர்ட் இருபது வருஷம் பொய்யனாக இருந்தார். ஹோமரின் வாக்குமூலம், என் வாக்குமூலம், இரண்டு எண்கள், பதக்கம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பதினொரு மாதம் ஆகிறது. திருமதி க்ரூம்ஸ் "பரிசீலனையில் இருக்கு சார்" என்கிறார். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம். கவலையாக இருக்கிறது.

ஆகவே அத்தான், முடிவு எப்படி வந்தாலும் அந்தச் சுவரில் இருக்கவேண்டிய முகம் என்னுடையது அல்ல. மேடையில் நின்று பிள்ளைகளுக்கு முட்டை கிளறியதைப் பற்றி வேண்டுமானால் சொல்வேன். என் பதிவேட்டைப் பொறுத்தவரை போர்ச் சேவை ஏறிவிட்டது, கல்லுக்கு அது போதும். ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், இனி எந்த அலுவலகத்துக்கும் எந்தத் திருத்தமும் கேட்டு ஒரு வரிகூட எழுதமாட்டேன். தாங்களும் எந்தப் படிவத்தையும் என் கண்ணில் காட்டவேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்கவேண்டாம் என்று சொல்லவும். ஆண்டவர் தங்கள் இருவரையும், தங்கள் குழாயையும், ஊர் திரும்பும்வரை காத்தருள்வாராக.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ஆர்டன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தபால்காரர் வந்துவிட்டார். தீர்ப்பு வந்திருக்கிறது. எண் திருத்தப்பட்டது, பதக்கம் டெல்பர்டுக்கே. உடனே போன் செய்தேன். அவர்களுக்கு நேற்றே வந்துவிட்டதாம். நேற்று வெள்ளிக்கிழமை. லவான் சொல்கிறார், மனுஷன் சட்டை மாற்றிக்கொண்டு மன்றத்துக்குப் போனாராம், திரும்பி வந்து கெளுத்தி சரியாக வேகவில்லை என்று ஒரு மணி நேரம் திட்டினாராம். இதில் மகிழ்ச்சி. என் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு விளைவு. பதக்கம் நீங்கியதால், அந்தப் பதக்கம் தொடர்பாகத் தாக்கலான எல்ராய், பண்டக சாலைக்காரர் இருவரின் வாக்குமூலங்களும் கோப்பிலிருந்து நீக்கப்பட்டனவாம், அவற்றை நம்பிச் சேர்த்த போர்ச் சேவையும் போயிற்றாம். ஆகவே தொண்ணூற்றொன்றில் நான் மறுபடியும் விஸ்கான்சினை விட்டு நகரவில்லை. மேலே எழுதிய சத்தியத்தை மேவிஸ் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்தப் படிவம் தங்களிடம் இன்னும் ஒன்று இருந்தால் அடுத்த தபாலில் அனுப்பவும். இரண்டாக அனுப்பினால் நல்லது.