நாய்க்கெல்லாம் பெயர் போட்ட புத்தகம்

நாய்க்கெல்லாம் பெயர் போட்டுவிட்டு என் பெயரை மட்டும் போடாமல் விட்ட புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தலையணை மாதிரி தடிமன். அயர்லாந்தில் அச்சாகி, கடல் தாண்டி அந்தமானில் எங்கள் ஊர் கராச்சர்மா வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கங்களில் பெயர் வரிசை இருக்கிறது. அதில் வேட்டை நாய்கள் உண்டு, குதிரைகள் உண்டு, பூட்ஸ் துடைக்கும் வேலைக்காரனை எட்டி உதைத்த ஒரு கழுதையும் உண்டு. கழுதையின் பெயர் டச்சஸ். உதை வாங்கியவனுக்குப் பெயர் கிடையாது. அந்தமான் அத்தியாயத்துக்காக வெயிலில் காய்ந்து, அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்த நானும் அவன் கட்சிதான். என்னை ‘உள்ளூர் ஆள் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. என் அப்பாவின் தம்பி வேலாயுதம் சித்தப்பா பெயிண்டிங் கான்ட்ராக்டர். மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி யாராவது வருகிறார் என்றால், அவர் வரும் வழியில் அசையாமல் நிற்கிற அத்தனைக்கும் சுண்ணாம்பு அடித்து ஓரத்தில் காவிப்பட்டை போடுவதுதான் எங்கள் தொழில். மரம், மைல்கல், தண்ணீர்த் தொட்டி எதையும் விட்டதில்லை. (ஒருமுறை படுத்திருந்த மாட்டுக்கும் கொஞ்சம் பட்டுவிட்டது. அது மாட்டின் தப்பு.) நான் சூப்பர்வைசர், அதாவது நிழலில் நிற்பவன். எனக்கு ஆங்கிலம் வரும் என்ற வதந்தியை நானே கிளப்பிவிட்டு, நானே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அந்த வதந்திதான் புத்தகத்தை எழுதிய டெஸ்மண்டை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. நாங்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த விருந்தினர் விடுதியில் அவர் தங்கியிருந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், தொப்பி வைத்திருந்தார். ஆங்கிலம் தெரிந்த, கார் ஓட்டத் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்று கேட்டாராம். சித்தப்பா என்னைக் கைகாட்டிவிட்டார். எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் துரைமாருக்குக் கீழே வேலை பார்த்தவர். துரை என்ற வார்த்தை வாயில் வந்தாலே சித்தப்பாவின் முதுகு தானாகக் கொஞ்சம் வளையும்.

டெஸ்மண்டின் வம்சம் ஆங்கிலோ-ஐரிஷ் ஜமீன் வம்சம். அப்படியென்றால் என்ன என்று பெரார்கஞ்ச் என்ற ஊருக்குப் போகிற வழியெல்லாம் விளக்கினார். அவருடைய முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போய் அங்கே நிலம் பெற்றார்கள். (பெற்றார்கள் என்பது அவர் சொன்ன வார்த்தை. யாரிடமிருந்து என்று நான் கேட்டபோது ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார்.) பாலிகாரோ என்ற மாளிகையைக் கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் குத்தகை வாங்கினார்கள், நரி வேட்டையாடினார்கள். கடைசியில் குத்தகைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வந்து மாளிகைக்குத் தீ வைத்துவிட்டார்கள். வைப்பதற்கு முன் கதவைத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, பியானோவைத் தூக்கிப் புல்வெளியில் வைக்கவும் ஒத்தாசை செய்தார்களாம். அவ்வளவு மரியாதையான கொளுத்தலை நான் கேள்விப்பட்டதில்லை.

அயர்லாந்துக்காரர்கள் எங்களை இங்கிலீஷ்காரன் என்பார்கள், இங்கிலாந்தில் எங்களை ஐரிஷ்காரன் என்பார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். சிலோனில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், மெயின்லேண்டில் சிலோன்காரன் என்கிறார்கள், இங்கே மதராசி என்கிறார்கள் என்று நானும் சொல்லி வைத்தேன். அவர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்த நேரத்தில் ஜூனோ என்ற நாயின் தாய்வழிப் பாட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு, எனக்கு என் குடும்பத்தில் எத்தனை தலைமுறை தெரியும் என்று கேட்டார். தாத்தா காத்தமுத்து என்றேன். அவருக்கு முன்னால் யார் என்றார். தெரியாது என்றேன். “ஐயோ பாவம்” என்றார் டெஸ்மண்ட். நல்ல மனசோடுதான் சொன்னார், அதனால்தான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தேயிலை கிள்ளினவனுக்கு எந்தத் துரை வம்சாவளி எழுதிக் கொடுத்தான்? ஆனாலும் அப்போது பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டினேன். காரணம், என் பெயரைப் புத்தகத்தில் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் கராச்சர்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

அவர் தேடி வந்தது ஒரு கல்லறையை. அந்த வம்சத்தில் மூத்தவனுக்குத்தான் நிலம். இரண்டாவது பிள்ளை ருபர்ட்டுக்கு ஒரு துப்பாக்கியும் கப்பல் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் அந்தமான் கைதிகளைக் காவல் காக்கும் அதிகாரியாக இங்கே வந்து, காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய அம்மா நாலு வரி எழுதி அனுப்பி, இங்கே கல்லில் வெட்ட வைத்தாளாம். அந்த வரிகளை அவர்கள் வீட்டில் இப்போது இருக்கிற யாரும் பார்த்ததில்லை. மாளிகை எரிந்தபோது நகலும் எரிந்துவிட்டது. அதைப் படித்து எழுதினால்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கம் நிறையும் என்றார். பெரார்கஞ்சில் ஆளாளுக்கு ஒரு திசை காட்டியதில் அன்று பொழுது போய்விட்டது.

மறுநாள் டெஸ்மண்டுக்கு வயிறு சரியில்லை. நான் தனியாகப் போய்க் கண்டுபிடித்தேன். ஒரு வங்காளி, மண்டல் என்று பெயர், அவருடைய பாக்குத் தோட்டத்துக்குள்ளே அந்தக் கல் படுத்திருந்தது. அதன் மேல்தான் அவர்கள் குடும்பம் பாக்குக் காயவைக்கிறது. பாக்கைத் தள்ளிப் பார்த்தேன். பாசி பிடித்துக் கறுத்து, மேலெல்லாம் கீறலும் வெடிப்புமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு பெரிய ‘ஆர்’ எழுத்து மட்டும் தெரிந்தது. ஆர் என்றால் ருபர்ட். அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை எங்கள் தொழிலில் இருக்கிற எவனும் செய்திருப்பான். ஒரு மனிதர் அத்தனை தூரம் தாண்டித் தன் முன்னோரைப் பார்க்க வருகிறார், கல் இந்தக் கோலத்திலா இருப்பது? சித்தப்பாவுக்கு போன் செய்தேன். “காம் பக்காவா இருக்கணும்டா. தொரை பாத்தா அசந்து போவணும்” என்றார். (காம் என்றால் எங்கள் ஊரில் வேலை.) கொத்தனார் அப்பாராவை அனுப்பினார். அவன் தெலுங்குக்காரன். அவனும் நானும் பேசுவது, இந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற ஹிந்தியில். கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு, “தரார் பஹுத் ஹை பாய். பர் தூங் க்யா?” என்றான். வெடிப்பு நிறைய இருக்கிறது, அடைக்கட்டுமா என்று கேட்கிறான். நான் கார் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் அடை என்றேன்.

சிமெண்ட் காய்ந்ததும் சுண்ணாம்பு இரண்டு கோட், ஓரத்தில் காவிப்பட்டை. சாயங்காலம் சித்தப்பாவே வந்துவிட்டார். நாங்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட உபயம் எழுதாமல் கொடுத்ததில்லை. அதனால் கால்மாட்டில் பச்சை எனாமலில் ‘உபயம்: காத்தமுத்து மகன் வேலாயுதம், கராச்சர்மா’ என்று எழுதினார். என் பெயரையும் சேர்க்கலாமே என்று இழுத்தேன். “ஒனக்குத்தான் தொரை புக்குல போடுறாரே” என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் காலையில் டெஸ்மண்டைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தோம். மண்டல் வீட்டில் செண்டுமல்லி மாலை கொடுத்திருந்தார்கள். அப்பாராவ் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு ஓரமாக நின்றான். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினார். கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று வந்தார். ஆள் அசந்துதான் போனார்.

“எழுத்து எங்கே?” என்றார்.

நான் பெருமையாக உபயத்தைக் காட்டினேன்.

அவர் முழங்கால் போட்டுக் கல்லைத் தடவினார். வழவழவென்று இருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாராவைப் பார்த்தேன். பாராட்டப் போகிறேன் என்று நினைத்து அவன் ஒரு அடி முன்னால் வந்தான். “ஏக் பீ நஹீ சோடா, சாப்” என்றான். ஒன்றைக்கூட விடவில்லையாம். வெடிப்பெல்லாம் வரிசை வரிசையாக இருந்ததால் அடைக்கச் சுலபமாக இருந்தது என்று வேறு சொன்னான்.

டெஸ்மண்ட் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துச் சுரண்டினார். நானும் சுரண்டினேன். சுண்ணாம்பு வந்தது, சிமெண்ட் வரவில்லை. எங்கள் சித்தப்பா பூசிய பள்ளிக்கூடச் சுவரெல்லாம் மழைக்கு உதிர்ந்திருக்கிறது, அந்தக் கல்லில் பூசியது மட்டும் இரும்பாக நின்றது. உளி வைத்தால் கல்லோடு பெயர்ந்து வரும் என்று அப்பாராவ் ஆர்வமாகச் சொன்னான். டெஸ்மண்ட் அந்த வெள்ளைக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், நான் அவர் வம்சத்தையே அழித்துவிட்டதாகச் சொன்னார். பாலிகாரோவைக் கொளுத்தியவர்கள்கூட பியானோவை விட்டுவைத்தார்கள், நான் எதையும் விட்டுவைக்கவில்லை என்றார்.

“ருபர்ட்டுக்கு மிஞ்சியது இந்தக் கல் ஒன்றுதான்” என்றார்.

அந்த வார்த்தையில் எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது என்பதெல்லாம் மறந்துபோனது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் இலக்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தது.

“எங்க தாத்தாவுக்கு அதுவும் இல்ல சார்” என்றேன். சிலோனில் ஆயுசுக்கும் கொழுந்து கிள்ளினார். அப்புறம் கப்பலில் ஏற்றி கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கக் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கேயே செத்தார், கடலோரமாகப் புதைத்தோம். சுனாமியில் அந்தக் கரையே போய்விட்டது. உங்களுக்கு நாயின் பாட்டி பெயர் தெரிகிறது, எனக்கு என் பாட்டன் குழி எங்கே என்று தெரியாது, இதில் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறீர்கள். இவ்வளவையும் கத்தியே சொன்னேன். மண்டல் வீட்டு ஜன்னலில் நாலு தலைகள் தெரிந்தன.

டெஸ்மண்ட் கால்மாட்டில் இருந்த பச்சை எழுத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். “காத்தமுத்து என்பது அந்தத் தாத்தாவா?” என்றார். ஆமாம் என்றேன். எழுந்து ஒரு போட்டோ எடுத்தார். அவர் பேண்ட்டின் பின்பக்கம் பூராவும் சுண்ணாம்பு, விடுதி வரைக்கும் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து அந்தப் புத்தகம் பார்சலில் வந்தது. தெருவையே கூட்டி வைத்துப் பிரித்தேன். பெயர் வரிசையில் தேடித் தேடி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வேட்டை நாய் ஜூனோ. அதற்கு அடுத்து காத்தமுத்து. அதற்கு அடுத்து குதிரை கிட்டி. கடைசிப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கல்லின் படம், காவிப்பட்டையோடு. கீழே எழுதியிருந்ததை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன்: ‘ருபர்ட்டின் கல். இலங்கையில் தேயிலையும் கச்சாலில் ரப்பரும் எடுத்த காத்தமுத்துவின் மகன் வேலாயுதம் புதுப்பித்தது. காத்தமுத்துவுக்கு வேறு கல் இல்லை.’

சித்தப்பா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் கையால் தடவினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழ எனக்கும் ஆசைதான். ஆனால் முந்தைய பக்கத்தில் ‘உள்ளூர் ஆள் ஒருவர் காரை ஓட்டினார்’ என்ற வரி கண்ணில் பட்டுவிட்டது.

அன்றிலிருந்து தாத்தாவின் திதிக்கு நாங்கள் பெரார்கஞ்ச் போகிறோம். அவர் பெயர் எழுதிய கல் உலகத்தில் அது ஒன்றுதான். மண்டல் பாக்கை அள்ளி ஒதுக்கிக் கொடுப்பார். படையலில் தாத்தாவுக்குச் சுருட்டும் கருவாடும், பக்கத்தில் ருபர்ட்டுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். “டேய் உள்ளூர் ஆளு, சூடத்தைப் பத்த வை” என்பார் சித்தப்பா. என் பெண்டாட்டி உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயருக்குப் பின்னால் அதைப் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு.

போன வருஷம் பொறுக்க முடியாமல், யாரும் பார்க்காத சமயம் கல்லின் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து ஆணியால் என் பெயரை ஆழமாகக் கீறிவிட்டு வந்தேன். இந்த வருஷம் திதிக்கு முன்னால் சித்தப்பா சுண்ணாம்பு அடிக்க அப்பாராவை அனுப்பியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது தலைமாட்டுப் பக்கம் வழவழவென்று இருந்தது. நாலைந்து வெடிப்பு புதிதாக விட்டிருந்ததாம், ஒன்றைக்கூட விடவில்லையாம்.