பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு எந்தக் கார்டு?

குழித்துறை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மைத்துனன் எபிசனுக்கு,

உன் அத்தான் சுந்தரராஜ் அநேக வாழ்த்துகளோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அக்கா சத்தியபாயும் மகள் ஸ்மைலினும் சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் சுகமில்லை. சார்ஜாவில் நீயும் உன் மகன் பெனிஷும் அவன் குடும்பமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். ஆகவே பேப்பரில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்ப ஸ்மைலினிடம் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசிக்கவும்.

விஷயம் கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நான் வரவில்லை, இனி பெனிஷோடு இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன், பெனிஷின் சிநேகிதன் ஜெபிஷ் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கார்டு கொடுத்துவிடுகிறேன், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஸ்மைலின் வீட்டுப் பிளான் வரைகிற வேலைக்குத்தான் கார்டு என்று சபையில் சொல்லிவைத்திருக்கிறோம். ஆனால் அது எனக்குத்தான் என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதில் நம் மாவட்டத்துக்காரர்கள் யாரோ வடசேரி–பேச்சிப்பாறை ரூட்டை அப்படியே செய்து போட்டிருக்கிறார்கள். நான் டிரைவர், நீ கண்டக்டர் என்று நாம் ஓடி ஓடித் தேய்ந்த அதே ரூட். கண் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அக்கா எனக்கு ஸ்கூட்டர் சாவியைக்கூடத் தருவதில்லை. பயணியாக பஸ்ஸில் போனாலும் வளைவுக்கு வளைவு என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. போன மாதம் பக்கத்து சீட்டு அம்மாவின் மீன் பாத்திரத்தை மிதித்து, திருவட்டாறு வரைக்கும் ஏச்சு வாங்கினேன். சாகிறதுக்கு முன்னே ஒரு தடவை அந்த ரூட்ல வண்டி எடுக்கணும் மக்கா. வேறே ஆசை ஒண்ணும் எனக்கு இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைப் போட்டால், பஸ் நகர்வதில்லை, படம் படமாக வருகிறது. பார்வதிபுரத்தில் ஒரு படம், அடுத்த படத்தில் சுங்கான்கடை. ஏறுகிற ஜனங்களுக்கு முதலில் கால் வரும், உடம்பு வரும், தலை கடைசியில்தான் வரும். உன் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டியளா, தல இல்லாத ஆளுவள எல்லாம் ஏத்திட்டு எங்க போறிய?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தை அவளே நடத்தினாள், கொஞ்சம் நீளமாக.

ஆகவே நீ சொன்ன இரண்டு கார்டின் விவரத்தையும் வாசித்துக்காட்டு என்று ஸ்மைலினிடம் சொன்னேன். அவள் வாசித்தாள்: ஒன்றாம் கார்டு புதுசு, மெமரி எட்டு ஜிபி, பஸ் 128. இரண்டாம் கார்டு கொஞ்சம் பழசு, மெமரி பன்னிரண்டு ஜிபி, பஸ் 192. நான் நிறுத்தச் சொன்னேன். நம்ம டிப்போல 192-ன்னு ஒரு ரூட்டே கிடையாதே, இது எந்த டிப்போ வண்டி என்று கேட்டேன். "அப்பா, அது ரூட் நம்பர் இல்லே, மெமரில இருந்து விவரம் போய்ட்டு வருத பாதைக்கு பஸ்ஸுன்னு பேரு. 192-ன்னா பாதை அகலம்" என்றாள். அப்போ அது ரோடுதானே மக்களே, ரோட்டுக்கு எதுக்கு பஸ்ஸுன்னு பேரு வச்சானுவ என்றேன். இந்தப் பேரை வைத்தவன் எந்த பஸ் ஸ்டாண்டிலும் ஒரு மணிநேரம் நின்றிருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

வாசித்தால் தெளியாது, ஓட்டித்தான் பார்க்கணும் என்று விளையாட்டை பென்டிரைவில் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே அஜிஷா என்று ஒரு பெண், நல்ல பிள்ளை, இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினாள். முதலில் ஒன்றாம் கார்டு. நொடிக்குத் தொண்ணூறு படம் என்று மூலையில் எழுதிக் காட்டியது. வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது. கரண்டும் குறைவாகத்தான் தின்னுமாம். வில்லுக்குறி ஸ்டாப்பில் நிறுத்தினேன், ஜனங்கள் தலையோடே ஏறினார்கள். அதோடு பஸ் நின்றுவிட்டது, நகரவில்லை. அஜிஷா, "அங்கிள், ஹேங் ஆயிட்டா?" என்று கேட்டு கீழே இருந்து மேலே வரை எல்லா வயரையும் ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் ஸ்மைலின்தான் கை நீட்டி கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினாள், பஸ் நகர்ந்தது. கார்டின் கோளாறுதான் என்று நினைக்கிறேன். குலசேகரம் தாண்டியதும் ஒன்றாம் கார்டுக்கு மூச்சு முட்டிவிட்டது. ரப்பர் மரமெல்லாம் பச்சைச் சாந்து அப்பின மாதிரி நிற்கிறது, பக்கத்தில் போன பிறகுதான் மரமாகிறது. மெமரி நிறைஞ்சு போச்சு அங்கிள், அதான் என்றாள் அஜிஷா.

பிறகு இரண்டாம் கார்டு. மூன்று ஃபேன், இரைச்சலும் உண்டு. உன் அக்கா மிக்ஸி போடுகிற நேரத்தில் இதைப் போட்டால் பியூஸ் போகாமல் இருந்தால் சரி. ஐம்பத்தைந்து படத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. ஆனால் மக்கா, குலசேகரம் தாண்டினதும் மழை பெய்தது. கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தெரிகிறது. ரப்பர் மரத்தில் கட்டியிருக்கிற சிரட்டை தெரிகிறது, அதில் பால் தெரிகிறது. எனக்கு ரப்பர் ஷீட் நாற்றமே அடித்தது. அந்த நாற்றத்தோடு ஏறி வருகிற பெண்டுகளும், மரச்சீனிக் கிழங்கு மூட்டையோடு ஏறுகிறவர்களை நீ வாயில் வந்தபடி ஏசிவிட்டு, இறங்கும்போது நீயே மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவதும், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "பைய அத்தான், பைய, மாடு நிக்குது" என்று கத்துவதும் எல்லாம் வந்துவிட்டது. நான் வளைவில் பிரேக் என்று காலை நீட்டி மிதித்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தருடைய நாற்காலி சரிந்து அவர் கீழே விழுந்தார். மன்னிப்புக் கேட்டேன். பேச்சிப்பாறை வந்ததும் அணை தெரிந்தது. நாம் கட்டன்சாயாவும் பழம்பொரியும் தின்கிற கடைகூட இருந்தது. கடைக்குள் ஆள் யாரும் இல்லை. ஸ்மைலின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, கண்ணுக்கு மருந்து விட்டியளா?" என்று கேட்டாள். விட்டேன் என்று சொன்னேன்.

ஆகவே நன்றாக யோசித்துச் சொல்லுகிறேன். ஸ்மைலினுக்கு ஒன்றாம் கார்டுதான் பிடித்திருக்கிறது, வேகம் என்கிறாள். அந்த மலை ரோட்டில் வேகத்தை வைத்து யார் என்ன செய்தார்கள்? மெமரி கூடியதுதான் நமக்கு வேண்டும். இரண்டாம் கார்டையே வாங்கி, பெட்டியோடு, பில்லோடு, துணிக்கு நடுவில் வைத்து, ஜெபிஷின் கையில் கொடுத்துவிடவும். பேரீச்சம்பழத்தோடு வைக்க வேண்டாம், ஒட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். பெனிஷுக்கும் மருமகளுக்கும் ஆசீர்வாதம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சுந்தரராஜ், டிரைவர் (ஓய்வு)

பின்குறிப்பு: இதை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். வில்லுக்குறி வந்ததும், "பொய் எழுதாதிய" என்றாள், ஸ்மைலின் முன்னமே சொல்லியிருக்கிறாள். சரி. கார்டில் கோளாறு இல்லை. இரண்டாம் கார்டிலும் வில்லுக்குறியில் அப்படியே நின்றேன், திருவட்டாற்றிலும் நின்றேன். நான்தான் வண்டி எடுக்கவில்லை. ஆள் ஏறின பிறகு உன் டபுள் விசில் வரட்டும் என்று இருந்தேன். அந்த விளையாட்டில் கண்டக்டர் கிடையாதாம், நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டியதாம். எனக்கு அது வராது எபிசா. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. ஜெபிஷிடம் ஒரு கார்டும் கொடுத்துவிட வேண்டாம். ஒன்றோ இரண்டோ, எதுவானாலும் சரி, நீ எடுத்துக்கொண்டு வா. உன் விசில் அக்காவின் தையல் டப்பாவில் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறாள். வண்டி வடசேரியில் ஸ்டார்ட்டிங்கிலேயே நிற்கிறது. டீசல் செலவில்லைதான், இருந்தாலும் சீக்கிரம் வா.