டிரெஸ்ஸர் கட்டுப்போட்ட ரம்புத்தான்

கோத்தா திங்கியில் மனிதன் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள். மரக்கன்று முறிந்தால் ஒரே ஒருவர்தான் வருவார். ஆனால் அந்த நாலு பேருக்கும் முன்னால் வந்து, விழுந்த மனிதனைத் தாண்டிக்கொண்டு கன்றிடம் போவார். எங்கள் தாமான் குடியிருப்பில் அவருக்கு டிரெஸ்ஸர் என்று பெயர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுபவரை அப்படித்தான் அழைப்பார்கள். இவரோ முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர்.

காலையில் ஒரு பிஸ்கட் டின்னோடு கிளம்புவார். உள்ளே ஒரு கூர்க்கத்தி, ஒரு பாட்டில் ஸ்பிரிட், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்த நாடாக்கள். யாரையும் கேட்காமல் எந்த வீட்டு வாசலுக்குள்ளும் நுழைவார். ஒருமுறை புல் வெட்டும் மெஷின் எலுமிச்சங்கன்றின் அடிப்பட்டையைச் சீவிவிட்டது. மெஷின்காரரை வழிமறித்தார்.

"புல்ல வெட்டு, வேணாங்கல. மரத்தோட கணுக்கால ஏன் வெட்டுற? சுத்தி ரெண்டு அடிக்குக் கையால புடுங்கு லா."

வீட்டுக்காரர் காயத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார்.

"உங்க முட்டி சிராய்ச்சா பெயிண்டா அடிப்பீங்க?" என்றபடி, பிய்ந்து தொங்கிய பட்டையை மட்டும் கத்தியால் சுத்தமாகச் சீவி, காயத்தைக் காற்றாட விட்டுவிட்டார். ஆறியது.

இன்னொரு முறை டியூப் தீர்ந்துபோனதால், பிளந்த கொய்யாக்கன்றை ஒரு மஞ்சள் துணியால் கட்டினார். அங்கேதான் தப்புப் பண்ணினார். மறுநாளே அதன் அடியில் ஊதுபத்தி. வெள்ளிக்கிழமை எலுமிச்சை மாலை. அடுத்த வாரம் ஒருவர் பவுடரைக் கொண்டுவந்து, லாட்டரிக்கு நாலு நம்பர் தெரிகிறதா என்று பட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். டிரெஸ்ஸர் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார்: 'இங்கே சாமி இல்லை. நோயாளி.' அதைப் பார்த்து, வீட்டில் நோயாளி உள்ளவர்களும் கும்பிட வந்துவிட்டார்கள். கறுப்பு டியூபுக்கு மாற்றிய பிறகுதான் கூட்டம் கலைந்தது.

இத்தனைக்கும் சிரித்தவன் நான். பிறகு என் முறை வந்தது.

என் மனைவி விமலா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். விடியுமுன் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், தான் வைத்த ரம்புத்தான் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்வாள். அந்தக் கன்றின்மீதுதான் நான் காரைப் பின்னால் எடுத்து மோதினேன். கார் பீப் பீப் என்று எச்சரித்தது. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

இரண்டாகப் பிரிந்திருந்த தண்டில் ஒரு பாதி பிளந்து, பட்டையில் தொங்கியது. டிரெஸ்ஸரைக் கூப்பிட்டேன்.

"இன்னும் காயல, பொழைச்சிடும். தூக்கிப் புடிங்க. ஆட்டாதீங்க."

முக்கால் மணி நேரம் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளவைச் சேர்த்து அழுத்தி, டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் ஒரு கம்பு நட்டார். அந்தக் கிளையின் பாதி இலைகளை வெட்டினார். நான் பரிகாரமாக உரமூட்டையை இழுத்து வந்தேன்.

"அலமாக், ஆப்பரேஷன் முடிஞ்சவனுக்கு மட்டன் பிரியாணியா? புதுத் தளிர் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும்தான்."

சாயங்காலம் கட்டைச் சரிபார்க்க அவர் மறுபடி வந்திருந்த நேரத்தில் விமலாவும் வந்துவிட்டாள். பார்த்தாள்.

"யாரு பண்ணது?"

நான் வாயைத் திறக்குமுன் டிரெஸ்ஸர் சொன்னார்: "நான்தாம்மா. சைக்கிள்ல வந்து மோதிட்டேன்."

அந்த மனிதரிடம் இருந்தது டியூப் மட்டும்தான், சைக்கிள் கிடையாது.

"ஊருக்கெல்லாம் மரம் பாக்குறீங்க, உங்க கண்ணு எங்க இருந்துச்சு?" என்று தொடங்கியவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். வெளியே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்கமேல எரக்கப்பட்டேன்னு நெனைக்காதீங்க தம்பி. நீங்க ரெண்டு பேரும் மொகத்த திருப்பிக்கிட்டா அதுக்கு யாரு தண்ணி ஊத்துறது? இப்ப அதுக்கு அமைதியான வீடு வேணும்."

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். விமலா கேட்டைத் திறக்கவே இல்லை. வெளியே நின்றபடியே, "தண்டு பெருக்குது, கட்ட கொஞ்சம் தளர்த்துங்க. இல்லாட்டி அதுவே கழுத்த நெரிச்சிடும்" என்று சொல்லிக்கொடுத்தார். நான் உள்ளே நின்று தளர்த்தினேன். பிளவு கூடியது. இந்த வருடம் காய்த்தும்விட்டது. விமலா தெரு முழுக்கப் பழம் கொடுத்தாள், அவர் வீட்டைத் தவிர. நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அந்தப் பழம் எனக்கு இனிக்கவில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விமலாதான் முதல் ஆளாகப் படிப்பாள், என் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்க. இந்த முறை பெரியதாகவே கிடைக்கும். விமலா, மோதியது நான். திட்டி முடித்ததும் ஒருதரம் வாசலுக்கு வா. கட்டுப்போட்ட கிளையில் ஒரு கொத்தை மட்டும் பறிக்காமல் வைத்திருக்கிறேன். நாம் இருவருமாகப் போய் அவரிடம் கொடுத்துவிட்டு வருவோம்.