காமாலை கழுவும் சாமி

இரத்தினபுரிப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் 2004ஆம் ஆண்டு மஞ்சள்சாமி எழுந்தருளினார். கைலாயத்திலிருந்து அல்ல, கேகாலை பஸ்ஸிலிருந்து. கோயில் வாசலில் அமர்ந்து, நோயாளியின் கையில் ஏதோ சாறு பூசுவார். தெளிந்த தீர்த்தம் ஊற்றுவார். கையிலிருந்து மஞ்சளாக வழியும்.

"பாத்தியா, காமாலை எறங்குது!"

கூட்டம் அரோகரா போடும். மாதாவைக் கும்பிடுகிறவர்களும் வரிசையில் நின்றார்கள். காமாலைக்கு மதம் ஏது? காணிக்கைக்குத்தான் ஏது?

றப்பர் மரத்தில் பால் வெட்டும் அருள்தாஸும் வெள்ளிதோறும் சாமியிடம் கையைக் கழுவிக்கொண்டான். அவன் ஈரலில் ஒரு கிருமி நிரந்தரமாகக் குடியிருந்தது. மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்ப்பது இலவசம்தான். ஆனால் அந்த மாத்திரையை வெளியே பார்மசியில் வாங்க வேண்டும்; இரத்தம் பரிசோதிக்கக் கொழும்புக்குப் போக வேண்டும்; போன நாளுக்குச் சம்பளமும் கிடையாது. சாமியோ ஒரே வார்த்தையில் செலவைக் குறைத்தார்: "இங்கிலீஸ் மருந்த நிப்பாட்டு!" மிச்சம் பிடித்ததெல்லாம் அவருடைய தட்டில் விழுந்தது.

சில வாரங்களில் அருள்தாஸின் கண்கள் சாமியின் வேட்டியைவிட மஞ்சளாகிவிட்டன. வயிறு உப்பியது. சோறு இறங்கவில்லை.

"அவ்வளவு மஞ்சளயும் எறக்கிட்டாரே, அப்புறம் ஒங்க கண்ணுக்கு எங்கருந்துங்க வருது?" என்று கேட்டாள் அவன் மனைவி சர்மிளா.

"ஒனக்கு நம்பிக்க பத்தாதாம். சாமி சொல்றாரு."

ஈரலில் வந்த நோய்க்கும் பொண்டாட்டிதான் காரணம்!

அடுத்த வெள்ளி சர்மிளா தன் வீட்டுக் குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"சாமி, நோய் இல்லாதவங்களுக்கு மஞ்சள் எறங்குமா?"

"துளியும் எறங்காது."

"அப்ப இதையும் கழுவிக் காட்டுங்க."

சாமியின் முகம் கறுத்தது. "கல்லக் கழுவுனா தீர்த்தத்தோட சக்தி போயிடும்!"

சாமியின் முதல் பக்தர் முத்துவீரன் கங்காணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க சும்மா இருங்க சாமி. இவ வாய நானே அடைக்கிறேன்!" சாமி தடுப்பதற்குள் சாற்றை அள்ளிக் கல்லில் தேய்த்தார், தீர்த்தத்தைச் சொம்போடு கவிழ்த்தார்.

கல் மஞ்சளாக ஒழுகியது.

கூட்டம் முண்டியடித்துப் பார்த்தது. "காமாலைக்காரன் வீட்டுக் கல்லுதானே, தொத்தியிருக்கும்," என்றது ஒரு குரல். அறிவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

"அப்ப கங்காணியாரு கையப் பாருங்க," என்றாள் சர்மிளா.

அவர் விரல்களிலிருந்தும் மஞ்சள் சொட்டியது. "ஐயோ, எனக்குமா!" என்று அலறினார் கங்காணி. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லங்க. சாறு மாம்பட்டச் சாறு. கோயில் மாமரத்தப் பின்பக்கம் உரிச்சு வச்சிருக்காரு. தீர்த்தம் சுண்ணாம்பத் தெளிய வச்ச தண்ணி. ரெண்டும் சேந்தா மஞ்சளாகுது. வீட்டுல செஞ்சு பாத்துட்டுத்தான் வந்தேன்."

திரும்பிப் பார்த்தால் சாமி இல்லை. தட்டும் இல்லை. தீர்த்தத்தை மட்டும் பெருந்தன்மையாக விட்டுப் போயிருந்தார்.

மறுநாளே அருள்தாஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். உயிர் தப்பியது. ஈரலில் பாதி போய்விட்டது என்றார் டொக்டர். இனிச் செலவும் கூடும் என்றார். சாமி மிச்சப்படுத்திக் கொடுத்தது அவ்வளவுதான்.

"சாமி போயிட்டாரே, இனிக் காமாலைக்கு எங்க போறது?" என்று சிலர் இன்னும் கவலைப்படுகிறார்கள்.

ஐயா, கண்டவர் காலில் குனிவதற்கு மட்டுமா தலை? ஒரு நாளாவது அதை யோசிக்க விட்டுப் பாருங்கள். அதற்குக் காணிக்கை கேட்க ஆளில்லை.