ஒரு தலைக்கு நாலு சாமி

இதை எழுதலாமா கூடாதா என்று எத்தனையோ வருஷமாகத் தயங்கிவிட்டேன். முதல் காரணம், என் மாமனார் உயிரோடு இருந்தார். இரண்டாவது காரணம், நான் உயிரோடு இருக்கிறேன். திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன் என்று பதுளைக் கடைவீதியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அரிசிக்கடை வைத்திருப்பவனுக்கு அது ரொம்ப உபயோகமான பெயர். மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. என் பெயர் போனால் போகட்டும் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

ஊவா மாகாணத்திலேயே எல்லாச் சமயங்களின் சாரத்தையும் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் குருக்களும் அல்ல, ஆலிமும் அல்ல, பாதிரியும் அல்ல, பிக்குவும் அல்ல. நாவிதர். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘சவர வேதாந்தி’. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சொல்ல நேரம் எங்கே? வேதாந்தமே பேசி முடியவில்லை.

அப்போது ரயில் பண்டாரவளையைத் தாண்டவில்லை. கடைவீதிக் கோடியில் ஒரு பலாமரம். அதன் கீழ் ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கிண்ணம், ரசம் போன ஒரு கண்ணாடி. அவருடைய சர்வகலாசாலை அவ்வளவுதான். முக்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துண்டு விழுந்ததும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

“உலகத்துல எந்தச் சாமிய எடுத்தாலும் சரிங்க, மொதல்ல கேக்குறது முடியத்தான். பழனியாண்டிக்கு மொட்ட. வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்ட. மக்காவுக்குப் போன ஹாஜியாரு மொட்டத் தலையோடதான் திரும்பி வாறாரு. புத்தரு அரமனைய விட்டு வெளிய வந்ததும் மொத வேலையா என்ன செஞ்சாரு? முடிய அறுத்தாரு. எல்லா வேதமும் ஒரே வூட்டுல பொறந்ததுங்க. அந்த வூட்டு வாசல்ல ஒரு நாவிதன் ஒக்காந்திருந்திருக்கான்.”

இந்தத் தத்துவத்தை மறுத்துப் பேசியவர் எவருமில்லை. தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போது சமயவாதம் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் தாம் ஒருநாளும் வாதத்தில் தோற்றதில்லை என்று அவருக்கு மகா பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரைக்குச் சவரம் செய்யப் போவார். துரைக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை, நாலும் வசவு. கத்தி உதட்டருகில் இருக்கும்போது துரை வாயைத் திறக்க முடியாமல் ‘ம்’ என்றிருக்கிறார். இது போதாதா? இங்கிலீஷ்காரர் மதமும் நம்முடைய கட்சிக்கு வந்துவிட்டது என்று வேதாந்தி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக அறிவித்துவிட்டுத்தான் மலையை விட்டு இறங்கினார்.

சவரத்தில் மட்டும் அவர் இவ்வளவு கெட்டிக்காரர் அல்ல. அத்வைதம் சூடுபிடிக்கும்போது காதுமடல் எது, கிருதா எது என்ற துவைத பேதம் அவருக்குத் தெரியாமல் போய்விடும். என் இடது காதில் அதற்குச் சாட்சியாக ஒரு வடு இருக்கிறது.

ஒரு வருஷம் வேறு ஊரிலிருந்து ஒரு கிறிஸ்தவ உபதேசியாரும், கடல் தாண்டி ஒரு சைவப் பிரசங்கியாரும் ஒரே வாரத்தில் வந்து இறங்கினார்கள். சந்தையில் மூன்று நாள் மாலை எதிரெதிரே நின்று ஒருவர் சாமியை ஒருவர் கிழித்தார்கள். நாலாம் நாள் கல் பறக்கும் என்று ஊரே ஆவலாக இருந்தது. அன்று காலையில் இருவரும் சவரத்துக்குப் பலாமரத்தடியில் வந்து சேர்ந்தார்கள். வேதாந்தி உபதேசியாருக்கு ஒரு கன்னத்தை மழித்தார். பிறகு பிரசங்கியாருக்கு ஒரு கன்னத்தை மழித்தார். கத்தியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, மீதி?” என்றார் உபதேசியார்.

“மறுகன்னத்தைக் காட்டணும்னு ஒங்க வேதத்துலயே இருக்குங்களே. காட்டலாம். அதுக்கு முன்னால அவரு சாமியப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லிருங்க.”

பிரசங்கியார் சிரித்தார். வேதாந்தி அவர் பக்கம் திரும்பி, “ஐயா சிரிக்கக் கூடாது. ஒங்களுக்கும் ஒரு பக்கம் பாக்கி” என்றார்.

பாதித் தாடியோடு எந்தச் சமயத்தையும் பரப்ப முடியாது என்பதை இரண்டு பண்டிதர்களும் வெகு சீக்கிரம் உணர்ந்தார்கள். பிள்ளையார் முகத்தைப் பார்த்தால் குழந்தைகளுக்குப் பயம் வராது என்று உபதேசியார் ஒப்புக்கொண்டார். இயேசுநாதர் ஏழைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டது பெரிய காரியம்தான் என்று பிரசங்கியார் ஒப்புக்கொண்டார். அன்று மாலை பிரசங்கம் நடக்கவில்லை. கல் பொறுக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் ரொம்ப மனவருத்தம்.

இதெல்லாம் ஊர்க்கதை. இனி என் கதை.

எனக்கும் என் மனைவி செல்லத்துக்கும் பிறந்த முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு மகன். எட்டு மாதத்தில் அவனுக்கும் காய்ச்சல் வந்து ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்தான். நான் முருகன் கோயிலுக்கு ஓடி, பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் நேர்ந்துகொண்டேன். எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு வயது நிறைந்து முடி கண்ணில் விழ ஆரம்பித்ததும், மொட்டைக்கு நாள் கேட்க வேதாந்தியிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மொதல்ல ஓயா ஆத்துல தலைய நனைக்கணும் மொதலாளி. வெள்ளிக்கெழம காலம்பற அம்மாவையும் பெரிய மொதலாளியையும் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்துருங்க.”

பெரிய முதலாளி என்றது என் மாமனாரை. அவருடைய சைவப்பற்றைச் சொல்ல வார்த்தை போதாது. நெற்றியில் திருநீறு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். மாதா கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். மற்ற மதமெல்லாம் நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்த காளான் என்பார்.

வெள்ளிக்கிழமை பதுளை ஓயாக்கரையில் கூடினோம். என் கையில் தேங்காய், பழம், கற்பூரம், ஒரு குடை. வேதாந்தி தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “நனைச்சிட்டு மொதல்ல எங்க போறோம்?” என்று கேட்டார்.

“இதென்ன கேள்வி? முருகன் கோயிலுக்கு” என்றேன்.

“அம்மா என்ன சொல்றாங்க?”

செல்லம் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். அப்படி இறுக்கியதில் ஒரு மெழுகுவத்தி நழுவி மணலில் விழுந்தது.

“என்னடி இது, மெழுகுவத்தி?” என்று மாமனார் கத்தினார். “வூட்டுல வெளக்குக்கு எண்ணெ இல்லியா?”

“மாதாவுக்கு நேந்துகிட்டேன்ப்பா” என்றாள். “அவளும் புள்ளயப் பெத்து, பறிகொடுத்தவதானே. என் வயித்தெரிச்சல் ஆம்பளச் சாமிக்கு வெளங்காதுன்னு போனேன். மொத முடி ஒனக்குத்தான் தாயேன்னு சொல்லிப்புட்டேன்.”

“சிவ சிவா! சைவக் குடும்பத்துல பொறந்து…”

“பெரிய மொதலாளி, கைய வீசாதீங்க” என்றார் வேதாந்தி. “மடியிலேர்ந்து சீனி கொட்டுது.”

நாங்கள் பார்த்தோம். கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“அது… காப்பிக்கு.”

“பக்கத்துல நீட்டிக்கிட்டு நிக்கிற ஊதுவத்தியும் காப்பிக்குத்தானுங்களா?”

என் மாமனார் மடியை இறுக்கிக்கொண்டார். மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பள்ளிவாசலுக்குப் பின்னால அடங்கியிருக்காரே அவுலியா, அவருக்கு. எங்கப்பாரு நாகூருக்கு நேந்துக்கிட்டுத்தான் என்னயப் பெத்தாரு. இத நான் வீதில சொல்லிக்கிட்டா திரிய முடியும்?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆனந்தம். வேடம் கலைந்த இருவருக்கு நடுவில் அப்பழுக்கற்ற சைவன் நான் ஒருவன்தான். இதை எடுத்துச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

“மொதலாளி, தூறுது” என்றார் வேதாந்தி. “குடைய விரிங்க.”

“பரவாயில்ல, சின்னத் தூறல்தான்.”

“புள்ள நனையுதுங்க. விரிங்க.”

விரித்தேன். குடைக்குள்ளிருந்து இரண்டு தாமரை மொட்டு என் மாமனார் காலடியில் விழுந்தன. காய்ச்சலின் ஏழாம் நாள், முருகன் வேலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று புத்த விகாரையின் அரசமரத்தடியில் போய் நின்று, அதே முடியை அங்கேயும் நேர்ந்துவிட்டு வந்திருந்தேன்.

“மாப்பிள்ள…” என்றார் மாமனார், வெகு பிரியமாக.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக மூன்று பேரும் வேதாந்தியிடம் விஷயத்தைச் சொல்லி நாள் கேட்டிருக்கிறோம். ஊர்ச் சமாசாரம் முழுவதையும் பறையறையும் அந்த மனிதர் எங்கள் மூன்று ரகசியத்தையும் மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்மினான். ஒரே ஒரு தும்மல். நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். பிறகு நான் மட்டும் நாலாவது திசைக்கும் திரும்பினேன்.

செல்லம் உடைந்து அழுதாள். “ரெண்டப் பறிகொடுத்துட்டு இதத்தான் வச்சிருக்கேன். மொத முடின்னு நாலு பேருக்குச் சொல்லிட்டமே. ஒருத்தருக்குக் குடுத்தா மத்த மூணு பேரும் சும்மா விடுவாங்களா?”

எனக்கும் அதே பயம்தான். சிரிப்பதற்கு இது விளையாட்டல்ல. அந்த வீட்டில் இரண்டு தொட்டில் கட்டி அவிழ்த்திருக்கிறோம்.

வேதாந்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“தாயி, முடி அவங்களுக்கு எதுக்கு? சவுரி கட்டவா? முப்பது வருசமா மண்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். குனியாத தலைக்கு எவனாலயும் மொட்ட போட முடியாது. துரையா இருந்தாலும் கங்காணியா இருந்தாலும் குனிஞ்சாத்தான் கத்தி ஓடும். நாலு பேரும் கேக்குறது அந்தக் குனியுறதத்தான். முடி ஒரு சாக்கு.” பிறகு எழுந்து எங்களைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. நேந்தது நீங்க மூணு பேரு. குனியுறது மட்டும் பால்குடிப் புள்ளயா?”

மாமனார் கை தானாகத் தன் குடுமிக்குப் போயிற்று. “ஏய், எங்குடுமில கைய வச்சே…”

“நான் வைக்கலீங்க. அவுலியா வைக்கிறாரு.”

மாமனார் குழந்தையைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பிறகு நான். வேதாந்தி என் பிடரியை ஈரக் கட்டைவிரலால் அழுத்தி, “இன்னும் கொஞ்சம் மொதலாளி. இது கும்புடு இல்ல, எட்டிப் பாக்குறது” என்றார். செல்லம் சுமங்கலி, அவளுக்குப் பூமுடியாகச் சடை நுனியில் மூன்று விரலளவு எடுத்தார். கடைசியில் குழந்தை. எல்லா முடியையும் ஒரு சுளகில் போட்டு, பருப்பு கலக்குவதுபோலக் கலக்கி, நாலு வாழையிலையில் நாலு பங்கு வைத்தார்.

“எது மொத முடி, எது யாரு முடின்னு இனி எனக்கே தெரியாது. ஒரு வூட்டுக்காரங்கதானே, அவங்களே பிரிச்சுக்கட்டும்.”

குழந்தை எங்களைப் பார்த்தான். மாமனாரின் மொட்டையைப் பார்த்தான், என் மொட்டையைப் பார்த்தான். வீரிட்டு அலறி, தலையில் முடியுள்ள ஒரே ஆண்பிள்ளையான வேதாந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நாலு வாசலுக்கும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையிலிருந்து எது கிட்டேயோ அது முதலில். வேறு சாஸ்திரம் பார்க்கவில்லை. பின்னால் நானும் மாமனாரும், இரண்டு தேங்காயைப்போல.

மூன்று வாசலில் ஒன்றும் கேட்கவில்லை. முருகன் கோயில் பண்டாரம் மட்டும் இலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “என்னய்யா இது? புள்ள முடில நரமுடி கெடக்கு?”

வேதாந்தி யோசிக்கவே இல்லை.

“ஆமாங்க. நரைக்கிற வரைக்கும் இந்தப் புள்ள இருக்கணும்ல?”

செல்லம் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பண்டாரம் இலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மகன் வளர்ந்து இப்போது கடையைப் பார்க்கிறான். விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் வேதாந்தியும் போனார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. அவர் தலைமாட்டில் விளக்கு ஏற்றி வைத்தவன் என் மகன்தான்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. கதைகளும் கூடவே வந்து இறங்குகின்றன. வேதாந்தி சாகும்போது ஞானஸ்நானம் பெற்றார் என்கிறார்கள் ஒரு தெருவில். கலிமா சொன்னார் என்கிறார்கள் அடுத்த தெருவில். போன பிறவியில் பிக்கு என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் சைவர்கள் அவரை ஒரு சித்தராக்கிச் சமாதி கட்ட இடம் பார்க்கிறார்கள். எல்லாரும் ஒன்றில் மட்டும் உறுதி: அந்த முதல் முடி தங்கள் சாமிக்குத்தான் வந்ததாம்.

நான் இன்றைக்கும் திருநீறு பூசாமல் தண்ணீர் குடிப்பதில்லை. என் சாமி முருகன்தான். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றியது நாலு பேரில் யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆகையால் இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு மயிரிழைகூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுளகில் கலந்தது கலந்ததாகவே இருக்கட்டும். என் காதை அறுத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த மனிதர் இருந்தபடியே எங்களுக்குப் போதும்.