யாருக்கோ வைத்த டிம் சம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன்னால், வழி கேட்டவர்களை எல்லாம் வாய்க்கு வந்த திசையில் அனுப்பியிருக்கிறேன். (அதில் சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பார் என் கணவர்.) அப்படி ஒரு தடவை என்னையே நான் அனுப்பிக்கொண்டேன். கூடவே மாமியாரையும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, தாம்பரத்தில் கணக்கு டீச்சர் வேலை. பினாங்கில் பிறந்து வளர்ந்த பிரபாகருக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே அவரும் அவருடைய அம்மாவும் வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு மாடியில் தங்கியிருந்தார்கள். அத்தை அதிகம் பேச மாட்டார். சிரிக்கவே மாட்டார். நான் அவர் எதிரில் பாடிப் பார்த்தேன், கோலம் போட்டுப் பார்த்தேன், ஒரு நாள் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, இட்லித் தட்டைப் பார்த்தபடி அத்தை தானாகவே பேசினார்.

"பினாங்குல ஞாயிறு சர்ச் முடிஞ்சா நேரா டிம் சம் சாப்பிடப் போயிருவோம் லா. இங்க வந்து நாக்கே செத்துப் போச்சு."

"இங்கயும் கிடைக்கும் அத்தை. நான் அடிக்கடி போற இடம் ஒண்ணு இருக்கு" என்றேன்.

அத்தை முதல் தடவையாக என்னை முழுதாக நிமிர்ந்து பார்த்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது பிரபாகர் மெல்லக் கேட்டார்.

"டிம் சம்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாமலா?"

"என்ன?"

"சாப்பிடறது."

அவர் பரிதாபப்பட்டு விளக்கினார். கொழுக்கட்டை மாதிரி, உள்ளே கறியோ இறாலோ இருக்கும், சின்ன மூங்கில் கூடையில் ஆவியில் வேகும், சீனச் சாப்பாடு. அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தாம்பரத்தில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். மெட்ராஸிலேயே பிறந்தவர். போன வருடம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது சொல்லியிருந்தார்: "எங்கம்மா ஞாயித்துக்கெழம மூங்கில் கூடைல கறிக் கொழுக்கட்ட செய்வாங்க. பீர்க்கன்கரணை ஏரியாண்ட பச்ச கேட்டு வூடு. ஒரு நாள் வாம்மா, இன்னா, வரியா?" வாய் நிறையப் பஞ்சு. நான் "ஆ" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது அழைப்பு. ஒரு வருடப் பழையது என்றாலும் அழைப்புதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து மூன்று பேரும் ஆட்டோ பிடித்தோம். பச்சை கேட் வீட்டைச் சுற்றி அப்போது வேறு வீடுகளே இல்லை. ஆட்டோ சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு வேறு சத்தமும் இல்லை. ஏரியில் அத்தனை தண்ணீர், ஒரு பறவையைக் காணோம். கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. படியில் ஏழெட்டு ஜோடி செருப்புகள். எல்லாம் வாசலைப் பார்த்து, யாரோ ஸ்கேல் வைத்து அடுக்கியதுபோல.

"டாக்டர்" என்று கூப்பிட்டேன். என் குரல் வீட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது.

உள்ளே கரண்ட் இல்லை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கண் பழகியதும் ஒரு நீள மேசை தெரிந்தது. வரிசையாகத் தட்டுகள், சாப்பிடும் குச்சிகள், சின்னச் சின்னக் கோப்பைகளில் டீ. நடுவில் ஆறு மூங்கில் கூடைகள். மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆவி வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் எல்லாம் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தன, ஆட்கள் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எதிலும் ஆள் இல்லை.

"யாரையும் காணோமே" என்றார் பிரபாகர், ஏனோ குரலைத் தாழ்த்தி.

திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் நான் அடிக்கடி வருகிறவள் ஆயிற்றே.

"இங்க இப்படித்தான். எடுத்து வச்சிட்டுப் போயிடுவாங்க. நாமளா சாப்பிட்டுக்கணும்."

அத்தை நம்பினார். உட்கார்ந்தார். குச்சியில் ஒன்றை லாகவமாக எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடினார். பிறகு, என் தாயே, சிரித்தார். "பினாங்குல கூட இப்படிக் கிடைக்காது" என்றார். அந்தச் சிரிப்புக்காக நான் அந்த மேசையையே தின்றிருப்பேன். ஏறக்குறைய தின்றோம். ஐந்தாவது கூடையில் இருந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த காலி பிரம்பு நாற்காலி கிறீச்சென்றது. ஒரே ஒரு தடவை. பாரத்தை மாற்றி உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம். நான் பிரபாகரைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் வந்தது.

மேசையின் தலைமாட்டில், திரை என்று நான் நினைத்திருந்த இருட்டில், இரண்டு சிவப்பு பல்புகள் எரிந்தன. நடுவில் ஒரு கிழவியின் படம். எங்கள் மூவரையும் சேர்த்துப் பார்ப்பதுபோல நேர்ப் பார்வை. படத்துக்குக் கீழே சாம்பல் கிண்ணத்தில் மூன்று ஊதுபத்திகள், அடிவரை எரிந்து.

அத்தையின் வாய் பாதியில் நின்றது. சீனர்கள் நடுவில் வாழ்ந்த பினாங்குக்காரர், அவருக்குத் தெரியாதா.

"மெர்சி" என்று என்னை மிக மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இது கடை இல்ல. இது செத்தவங்களுக்கு வச்ச படையல்."

துப்புவதா விழுங்குவதா என்று நான் யோசிக்கும்போதே பின்கதவு திறந்தது. டாக்டரும் அவர் குடும்பமும் நின்றார்கள். வெறுங்கால்கள், கையெல்லாம் சாம்பல். செத்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று தோட்டத்தில் காகிதப் பணம் எரித்துவிட்டு வருகிறார்கள். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆகவே வாயை அகலத் திறந்து, கடைவாயில் இருந்த ஓட்டையை விரலால் காட்டினேன். (உள்ளே பாதி மென்ற கொழுக்கட்டையும் இருந்தது.)

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"அட, கீழ் வலது. நீயாம்மா?"

அவருடைய அம்மா இறந்து அன்றோடு ஒரு வருடம். நான் பல் பிடுங்கிக்கொண்ட இரண்டாவது வாரமே போய்விட்டாராம்.

"ஒரு பொண்ணு வரேன்னு சொல்லிச்சும்மான்னு அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிட்டேன். ரெண்டு ஞாயிறும் உனக்குன்னு தனியா ஒரு கூடை வச்சாங்க. கடைசி நாள் வரைக்கும், அந்தப் பொண்ணு வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுகினே இருந்தாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"வுடும்மா, பத்தி அணைஞ்சாச்சு. அவங்க சாப்ட்டாச்சு. இனிமே மனுசங்க சாப்புடலாம்" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். "நீங்க மூணு பேருதான வந்தீங்க?"

"ஆமா."

"நாலு கோப்ப காலியா கீதே."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நான் ஒண்ணுதான் குடிச்சேன்" என்றார் பிரபாகர். நானும் ஒன்று. அத்தையும் ஒன்று. பிரம்பு நாற்காலிக்கு எதிரில் இருந்த கோப்பையை டாக்டர் கையில் எடுத்துப் பார்த்தார். அதைக் கழுவ விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அத்தை முகத்தை வெளிப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூர் தாண்டும்போது அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. டாக்டர் குடும்பத்தோடு வந்து வாழ்த்தினார். "என் மருமக பேயோட ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டவ" என்று அத்தை பினாங்கு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் பழைய வீடு வாங்கினாலும், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாலும், முதலில் உள்ளே போக வேண்டியது நான்தான். போன மாதம்கூட நாத்தனாரின் மகன் பொத்தேரியில் ஒரு வீடு பார்த்தான். பூட்டைத் திறந்ததும் எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டு, "அத்தை, உங்க ஆளுங்க இருக்காங்களான்னு பாருங்க" என்றார்கள். நான் இருட்டுக்குள் போய் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். வெளியே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் கொஞ்ச நேரம், மரியாதைக்காக, பதிலுக்குக் காத்திருந்தேன்.